ஸ்கொயர்பாடி செவ்ரோலே பிக்கப்பில் பானெட் சிக்கிக்கொண்டால்

1973 முதல் 1987 வரையிலான மாடல்களாக வந்த செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்புகளை அவற்றின் கட்டமான தோற்றத்தால் ரசிகர்கள் ஸ்கொயர்பாடி என்கிறார்கள். அமெரிக்காவில் இன்னும் ஏராளமாக ஓடுகிற இந்த வண்டிகளில் பானெட் திறக்காமல் சிக்கிக்கொள்வது வழக்கமான தொல்லை. அப்படி ஆனதும் பலரும் முதலில் எடுப்பது கடப்பாரை. அதை மட்டும் எடுக்காதீர்கள். நெம்பினால் லாட்ச் (பானெட்டைப் பூட்டிப் பிடிக்கும் கொண்டி) விடாது, பானெட்டின் முன்விளிம்புதான் மடங்கும். மடங்கிய விளிம்பைத் தட்டி நேராக்கி மறுபடி பெயின்ட் அடிக்க ஆகும் செலவில் புது லாட்ச், புது கேபிள் இரண்டையும் வாங்கிவிடலாம், கையில் மீதமும் இருக்கும்.

இங்கே சொல்வது டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் இடதுகால் பக்கம் கைப்பிடி இருந்து, அதிலிருந்து கேபிள் போகும் வண்டிகளுக்கு. முன்பக்கம் கைவிட்டுத் திறக்கும் லாட்ச் என்றால் கேபிள் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் அமைப்பு. பானெட்டின் அடிப்பக்கம், முன்விளிம்பின் நடுவில், கீழ்நோக்கி நிற்கும் ஒரு தடித்த ‘பின்’ (உலோக முளை) இருக்கும். அதைச் சுற்றி ஒரு கனமான ஸ்பிரிங், பக்கத்திலேயே சேஃப்டி கொக்கி. இதற்கு நேர் கீழே, ரேடியேட்டர் சப்போர்ட்டின் (ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம்) மேல் ஓட்டை போட்ட ஒரு தகடும் அதோடு ஒட்டி நகரும் இன்னொரு சறுக்குத் தகடும் இருக்கும். பானெட்டை மூடும்போது பின்னின் தலை ஓட்டைக்குள் இறங்கும்; சறுக்குத் தகடு தன் சின்ன ஸ்பிரிங்கின் இழுப்பில் திரும்பி வந்து தலைக்குச் சற்று மேலே கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால் கேபிள் அந்தத் தகட்டை விலக்கும், பெரிய ஸ்பிரிங் பானெட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளும், பிறகு சேஃப்டி கொக்கியில் நிற்கும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பானெட் மூடியிருக்கும் நேரமெல்லாம் பெரிய ஸ்பிரிங்கும், ரேடியேட்டர் சப்போர்ட்டின் மூலைகளில் உள்ள இரண்டு ஓர ரப்பர் குமிழ்களும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த அழுத்தம் முழுவதையும் பின்னின் தலை சறுக்குத் தகட்டின் மேல் சுமத்துகிறது. தகட்டில் துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்துவிட்டால் இந்தச் சுமையோடு அது நகராது. கேபிளைப் பலமாக இழுத்தால் தகடு நகர்வதற்கு முன்பே கேபிள் அறுந்துவிடும். இழுவையைக் கூட்டுவதை விட்டு, சுமையைக் குறைக்கப் பாருங்கள்.

கைப்பிடி என்ன சொல்கிறது

இழுத்துப் பார்க்கும்போது கையில் தெரியும் உணர்வே பாதி வேலையை முடித்துவிடும். கைப்பிடி அசையவே மறுக்கிறது என்றால் தகடு இறுகியிருக்கிறது, அல்லது கேபிளின் வெளி உறைக்குள் உள்கம்பி துருப்பிடித்துவிட்டது. எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி கையோடு வந்துவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கிறது, இல்லையேல் ஏதாவது ஒரு முனையில் கழன்றிருக்கிறது. பாதி தூரம் வந்து, ரப்பரை இழுப்பதுபோல் மெத்தென்று நின்றால் உறை தன் பிடியிலிருந்து நழுவிவிட்டது. வழக்கம்போல இழுபட்டு, முன்னால் ‘டக்’ என்ற சத்தமும் கேட்டு, ஆனாலும் பானெட் எழவில்லை என்றால் லாட்ச் விட்டுவிட்டது. பெரிய ஸ்பிரிங் சோர்ந்துபோயிருக்கலாம், அல்லது பின்னின் தலை ஓட்டையின் ஓரத்தில் உரசி நிற்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் இன்ஜின் ஆறியிருக்கட்டும், பார்க்கிங் பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நல்ல டார்ச், 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவர், லாக்கிங் பிளையர், நீளக் குழாயோடு வரும் துரு இளக்கும் ஆயில் ஸ்பிரே, இவை போதும். ஸ்க்ரூடிரைவரின் தண்டு முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பானெட் மூடியிருப்பதால் பேட்டரியைக் கழற்ற வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பை நுழைக்கப்போகிறீர்கள்.

இரண்டு பேர் இருந்தால்

ஒருவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை நிதானமாக இழுத்து, அப்படியே பிடித்திருக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. இன்னொருவர் பானெட்டின் முன்விளிம்பை ஒட்டி, லாட்சுக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உடம்பின் எடையால் கீழே அழுத்தி, சட்டென்று விட வேண்டும். அழுத்தும்போது பின்னின் தலை தகட்டை விட்டு ஒரு மயிரிழை கீழே இறங்குகிறது, சுமை போய்விடுகிறது, தகடு நகர்ந்துவிடுகிறது. கேபிள் நன்றாக இருந்து தகடு மட்டும் இறுகிய வண்டிகளில் பெரும்பாலும் இதுவே போதும். நடுப்பகுதியில் அழுத்தாதீர்கள், அங்கே தகரம் குழிந்துவிடும். முஷ்டியால் குத்துவதும் வேண்டாம்.

தனியாக இருந்தால் கைப்பிடியை இழுத்த நிலையில் ஒரு கயிற்றால் சீட்டின் அடிச்சட்டத்தோடு கட்டிவிட்டு முன்னால் போய் அழுத்துங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் போதும், கேபிள் முறுகும் அளவுக்கு வேண்டாம்.

நான்கைந்து முறை அழுத்தியும் விடவில்லையென்றால் டார்ச்சை கிரில் (முன்பக்கம் காற்று புகும் சட்டம்) வழியாக அடித்து லாட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரேயின் குழாயை அங்கே நீட்டி, தகடு நகரும் பள்ளத்தில் படும்படி அடியுங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஒருமுறை அடித்த பிறகே அழுத்திப் பாருங்கள். துரு இளகுவதற்கு நேரம்தான் வேண்டும், ஆயிலின் அளவு இல்லை. மிச்சிகன், மின்னசோட்டா மாதிரி பனி உருக ரோட்டில் உப்புத் தூவும் குளிர் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் ராத்திரி முழுக்க ஊற விடுவதும் நியாயமே. பனிக்காலத்தில் லாட்சுக்குள் தண்ணீர் உறைந்தும் இதே மாதிரி இறுகும். அப்போது ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஊற்றிய தண்ணீரே கொஞ்ச நேரத்தில் மறுபடி உறைந்துவிடும்.

உறை நழுவியிருந்தால்

பலர் கேபிள் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குவது இந்த இடத்தில்தான். சைக்கிள் பிரேக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்கம்பி இழுபட வேண்டுமானால் வெளி உறை அசையாமல் நிற்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே கைப்பிடியைப் பிடித்திருக்கும் தகரம் வளைந்தாலோ, முன்னால் உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்தாலோ, நீங்கள் இழுக்கும்போது உறையும் சேர்ந்து நகரும். கம்பியும் உறையும் ஒன்றாக நகர்ந்தால் லாட்ச் முனையில் எதுவும் நடக்காது.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, கைப்பிடிக்குப் பின்னால் உறை தொடங்கும் இடத்தை ஒரு கையால் இறுகப் பற்றி ஃபயர்வால் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகரச் சுவர்) பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் கைப்பிடியை இழுங்கள். உள்முனையில்தான் பழுது என்றால் பானெட் உடனே எழும். எழவில்லையென்றால் பழுது முன்முனைக் கிளிப்பில், அதற்கு முன்பக்கமாகத்தான் போக வேண்டும்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டாலும் உள்கம்பியின் நுனி உறைக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் லாக்கிங் பிளையரால் கவ்வி இழுக்கலாம். தெரியவில்லையென்றால் உறையை நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வெட்டிக் கம்பியை வெளியே கொண்டுவரலாம். உறைக்குள் ஓடுவது எஃகுக் கம்பி; உறையை மட்டும் சுற்றிலும் கீறி உருவுங்கள், கம்பியில் வெட்டுப் படக் கூடாது. எப்படியும் இந்தக் கேபிள் மாற்ற வேண்டியதுதான், பானெட்டை ஒருமுறை திறந்து தந்தால் போதும்.

முன்பக்கமாக

கம்பி லாட்ச் முனையில் அறுந்திருந்தால் தகட்டை நேராகத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. கிரில் ஸ்க்ரூக்கள் எல்லாம் வெளியிலிருந்தே கைக்கு எட்டினால் கிரிலைக் கழற்றிவிடுங்கள், வேலை ஐந்து நிமிடமாகக் குறையும். ஒன்றிரண்டு பானெட் விளிம்புக்குக் கீழே மறைந்திருந்தால் கிரிலை வளைத்துப் பிடுங்காதீர்கள். நாற்பது வருஷம் வெயில் பட்ட பிளாஸ்டிக், சொல்லாமல் உடையும். கிரிலின் இடைவெளி வழியாகவே நீள ஸ்க்ரூடிரைவரை விடுங்கள்.

எந்தப் பக்கம் தள்ளுவது? கேபிளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கேபிள் தகட்டோடு நேராகச் சேர்ந்திருந்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே தகடு நகர வேண்டும். நடுவில் ஊசலாடும் நெம்புகோல் இருந்தால் கேபிள் சேரும் முனையை அது வரும் திசைக்குத் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தகட்டின் விளிம்பில் வைத்து அழுத்தும்போதே இன்னொருவர் பானெட்டைக் கீழே அழுத்திவிட வேண்டும். முன்பே சொன்ன சுமை கதை இங்கேயும் அப்படியே பொருந்தும்.

முன்வழி அடைபட்டால் வண்டிக்குக் கீழிருந்து, ரேடியேட்டருக்கும் கிரிலுக்கும் நடுவில் கையை மேலே விடலாம். நான்கு சக்கர இழுவை உள்ள கே வரிசை வண்டிகள் உயரமானவை, ஜாக் தேவைப்படாது. ஏசி இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் கன்டென்சர் நிற்கும். அதன் மெல்லிய தகடுகள் தொட்டாலே மடங்கும், குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுக்கப் போய்விடும். அதன்மேல் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

எழுந்ததும் உடனே தூக்காதீர்கள்

ஸ்கொயர்பாடியின் பானெட் மடங்குவது ஊரறிந்த குறை. பின்பக்கக் கீல்களில் எண்ணெய் வறண்டால் அவை சுழல மறுக்கும். நீங்கள் முன்விளிம்பைத் தூக்க, பின்பகுதி நகராமல் நிற்க, கீலுக்குச் சற்று முன்னால் தகரம் மடங்கும். விபத்தில் மடங்கிக்கொடுக்க வேண்டும் என்று பானெட்டின் அடிச்சட்டத்தில் வேண்டுமென்றே பலவீனமான இடம் வைத்திருக்கிறார்கள், மடிப்பு அங்கே விழும். ஒருமுறை மடங்கினால் எப்படித் தட்டினாலும் அந்தக் கோடு போகாது.

அதனால் சேஃப்டி கொக்கியை விடுவித்த பிறகு பானெட்டை ஒரு அடி மட்டும் தூக்கிப் பிடித்து, கண்ணாடிப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் உள்ள கீல்களின் எல்லா ரிவெட் மூட்டுகளிலும் ஸ்பிரே அடியுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு பேர் இரண்டு ஓரமும் பிடித்து மெல்ல ஏற்றுங்கள். பானெட்டின் முதுகு வில்லாக வளைவது தெரிந்தால் அந்த நொடியே நிறுத்தி இன்னும் எண்ணெய் விடுங்கள். மூடும்போதும் இதே எச்சரிக்கை. கீலின் பெரிய ஸ்பிரிங்கைக் கையால் கழற்ற முயலாதீர்கள், விரல் போய்விடும்.

திறந்த பானெட்டை வேலை முடியும்வரை மூடவே கூடாது. ‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மூடிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

சுத்தம் செய்வது

லாட்ச் தகட்டைக் கழற்றும் முன் அதன் ஓரங்களைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். துளைகள் நீள்வாக்கில் இருப்பதால் அடையாளம் இல்லாமல் கழற்றினால் பழைய இடம் கிடைக்காது. 5/16 அங்குல போல்ட்டுக்கு 1/2 அங்குல சாக்கெட் சேரும். பிந்திய வருஷ வண்டிகளில் மெட்ரிக் போல்ட்டுகளும் கலந்திருக்கும், சரியாகச் சேராத சாக்கெட்டைத் திணித்துத் தலையை உருட்டிவிடாதீர்கள்.

கழற்றிய லாட்சை மண்ணெண்ணெயிலோ பிரேக் கிளீனரிலோ ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் பழைய கிரீஸ் முழுவதையும் எடுங்கள். பள்ளத்தின் மூலைகளில் கறுப்பு மெழுகு மாதிரி இறுகியிருப்பதுதான் குற்றவாளி, ஒரு பல்குச்சியால் அதையும் சுரண்டுங்கள். காய்ந்த பிறகு விரலால் தகட்டைத் தள்ளிவிட்டால் சின்ன ஸ்பிரிங் அதை முழுத் தூரமும் பட்டென்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது தகடு வளைந்திருக்கிறது. பின்னின் கழுத்தையும் பாருங்கள். தலையில் கழுத்தை ஒட்டிய விளிம்பு சாய்வாகத் தேய்ந்திருந்தால், தகட்டின் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால், எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் மறுபடி சிக்கும். இரண்டு பாகத்தையும் மாற்றுங்கள், புதியவை அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது வண்டியின் வருஷத்தைச் சொல்லுங்கள். 1981-இல் முன்பக்கத் தகரங்களையே மாற்றிவிட்டார்கள், 1980 வரையிலான பானெட்டும் ஃபெண்டரும் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகரம்) அதற்குப் பிந்தைய வண்டிக்குச் சேராது.

வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடிக்கும், குளிரில் இறுகும். துரு இளக்கிய ஸ்பிரேயை மட்டும் நம்பி விட்டுவிடவும் கூடாது, அது சில வாரங்களில் ஆவியாகி இடம் மறுபடி வறண்டுவிடும்.

புதுக் கேபிள்

பழைய கேபிளை உருவும் முன் அதன் முன்முனையில் நான்கு மீட்டர் நூல்கயிறு ஒன்றைக் கட்டி, வண்டிக்குள் இருந்து இழுங்கள். கயிறு பழைய பாதை வழியாகவே ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வரும். அதே கயிற்றில் புதுக் கேபிளைக் கட்டி முன்னால் இழுத்துக்கொள்ளலாம். மாட்டும் முன் பழையதையும் புதியதையும் தரையில் பக்கம் பக்கமாக நீட்டி நீளத்தை ஒப்பிடுங்கள். உறை உலோகச் சுருள் மட்டும் என்றால் கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேல்முனையில் மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே கசியும்வரை காத்திருங்கள். உள்ளே நைலான் குழாய் இருக்கும் வகைக்கு எண்ணெய் தேவையில்லை.

வளைவுகள் அகலமாக இருக்கட்டும், கூர்மையாக மடிந்த இடத்தில்தான் கம்பி முதலில் தேயும். ஸ்டீயரிங் தண்டும் பிரேக் பூஸ்டரும் அதே டிரைவர் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகு கட்டுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போக வேண்டும். லாட்ச் முனையில் கம்பிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். தளர்வே இல்லையென்றால் தகடு முழுவதும் திரும்பாது, ஓடும்போது பானெட் தானாக விடும் அபாயம் உண்டு.

எல்லாம் மாட்டியதும் பானெட்டை மூடாமலே சோதியுங்கள். ஸ்க்ரூடிரைவரின் தண்டை லாட்ச் ஓட்டைக்குள் அழுத்தினால் தகடு விலகி இடம் கொடுத்து, எடுத்ததும் முழுக்கத் திரும்ப வேண்டும். வேறொருவர் கைப்பிடியை இழுக்கும்போது ஓட்டை முழுவதும் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தகட்டின் விளிம்பு கொஞ்சமாவது ஓட்டைக்குள் தலைநீட்டினால் கேபிள் இன்னும் தளர்வாக இருக்கிறது.

உயரத்தைச் சரிசெய்வது

முதலில் ஓர ரப்பர் குமிழ்கள், பிறகு பின். இந்த வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ரேடியேட்டர் சப்போர்ட்டின் இரண்டு மூலைகளிலும் உள்ள குமிழ்களைத் திருகி, பானெட்டின் விளிம்பு ஃபெண்டரோடு சமமாக வரும்படி வையுங்கள். பின்னுக்கு லாக் நட்டைத் தளர்த்தி, நுனியில் உள்ள வெட்டில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொரு முழுச் சுற்றாகத் திருப்புங்கள். பின் நீளமானால் பானெட் லூசாகி ஓடும்போது ஆடும். குட்டையானால் இறுக்கமாக மூடும், ஆனால் தகட்டின் மேல் சுமை ஏறி மறுபடி சிக்கத் தொடங்கும். லேசான அழுத்தத்தில் மூடி, கைப்பிடியின் சாதாரண இழுப்பில் விடுவதுதான் சரியான இடம்.

பின்னின் தலை ஓட்டையின் நடுவில் இறங்குகிறதா என்று பார்க்க அதன் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, லாட்ச் ஓட்டையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பானெட்டை டேப்பைத் தொடும் அளவு மட்டும் இறக்குங்கள். கறை விழுந்த இடம் ஓரமாக இருந்தால் கீழ்த்தகட்டை நகர்த்துங்கள்.

நகர்த்த இடமே இல்லாத அளவு விலகியிருந்தால் பழி லாட்சின் மேல் இல்லை. ரேடியேட்டர் சப்போர்ட்டைச் சேசிஸில் தாங்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கியோ, அவற்றைச் சுற்றிய தகரம் துருப்பிடித்தோ, வண்டியின் முன்பாகமே ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பேட்டரி தட்டுக்குக் கீழே ஆசிட் ஒழுகித் தகரம் தின்னப்பட்டிருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். ஃபெண்டருக்கும் கதவுக்கும் இடையே இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், புஷ்களை மாற்றாமல் லாட்சைத் தொட்டுப் பயனில்லை.

மாட்டும்போதே செய்துகொள்ள ஒரு நல்ல வேலை உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்றைச் சறுக்குத் தகட்டில் தனியாகக் கோத்து, ரேடியேட்டர் சப்போர்ட்டின் ஓரமாகக் கீழே கொண்டுவந்து, பம்பருக்குப் பின்னால் வெளியிலிருந்து தெரியாத இடத்தில் வளையமாகக் கட்டிவிடுங்கள். ஃபேன், பெல்ட் எதற்கும் எட்டாத பாதையாக இருக்க வேண்டும், கம்பியில் கொஞ்சம் தளர்வும் இருக்க வேண்டும். பின்னொரு நாள் கேபிள் அறுந்தால், குனிந்து அந்த வளையத்தை இழுத்தால் போதும்.